பம்பில் ஒரு குறையும் இல்லை

தடதடவென்று என்ஜின் பிடித்துக்கொண்டபோது சமையலறையில் என் மகள் ஒரு தட்டைக் கீழே போட்டாள். அது தரையில் சுழன்று சுழன்று அடங்கும்வரை நான் கையைத் துடைத்தபடி சந்தில் நின்றிருந்தேன்.

பதினோரு வாரம் சும்மா கிடந்த டீசல் என்ஜின் முதல் முறை பிடிக்கும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலத்தான் கேட்கும். பிறகு ஒவ்வொரு சிலிண்டராக வரிசைக்கு வரும். அரை நிமிடத்தில் சத்தம் சீராகிவிட்டது. சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. நான் வைத்த டைமிங் பிசகவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா என் முன்னால் காகிதக் கட்டையும் பேனாவையும் வைத்து, "உங்க வார்த்தையிலேயே எழுதுங்க ஐயா, அவசரமில்லை" என்று சொல்லியிருக்கிறார். மரியாதை தெரிந்தவர். நாற்காலி ஆடுகிறது என்றதும் வேறு நாற்காலி போடச் சொன்னார். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது எனக்குப் பழகிய வேலை. முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பின் பம்ப் ரூமில் இருந்தவன் நான்.

பம்ப் என்றால் தண்ணீர் பம்ப் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். டீசல் வண்டிக்குள் இரண்டு கையில் அடங்குகிற ஒரு சாமான் இருக்கிறது. டீசலை அளந்து, நேரம் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் வழியாக அதிக அழுத்தத்தில் பீய்ச்சி அனுப்புவது அதன் வேலை. அது ஒரு மயிரிழை பிசகினாலும் வண்டி இருமும், புகையும், மேட்டில் மூச்சு வாங்கும். அந்த மயிரிழையைத் திருத்துகிறவன் நான். ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பட்டப்பெயர் 'மைக்ரான்'. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேலியாக வைத்த பெயர்தான். எனக்குப் பிடித்திருந்தது.

என் மகளும் மாப்பிள்ளையும் என்னோடுதான் இருந்தார்கள். என் மனைவி இறந்தபோது, "ஒரு மாசம் கூட இருந்துட்டுப் போறோம்" என்று வந்தவர்கள். அந்த ஒரு மாதம் நான்கு வருடமானது. நான் யாரையும் கட்டிப் போடவில்லை. முதல் வருடம் எனக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்தது. இரண்டாம் வருடம் கண் ஆபரேஷன். மூன்றாம் வருடம், அவர்கள் வீடு பார்த்து முன்பணம் கொடுக்கப் போன அன்று, குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வயதானால் இதெல்லாம் வரத்தானே செய்யும்.

மாப்பிள்ளைக்குப் பல் செட் செய்கிற தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவர் பல் கட்டுவார். முன்னறை சன்னல் ஓரம் அவருடைய மேசை. சின்னச் சின்ன உளிகள், மெழுகு, ஒரு சாணை மெஷின். முடிந்த செட்டை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டி, "மாமா, இவரு உங்களப் பாத்துதான் சிரிக்கறாரு. பதிலுக்குச் சிரிங்க, கோவிச்சுக்கப் போறாரு" என்பார். தமாஷான ஆள். எனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. இதை முக்கியமாக எழுத விரும்புகிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு ஒரு வேலை வந்தது. இங்கிருந்து நாள் முழுவதும் ஓட்டினால் வருகிற மலைப்பக்கம். மூன்று ஊர்களில் மூன்று பல் ஆஸ்பத்திரிகள். மூன்றுக்கும் மாறி மாறிப் போய்வர, கருவிகளோடு சொந்த வண்டியில் வரக்கூடிய ஆள் வேண்டும் என்றார்கள். தங்குவதற்கு வீடு தருவார்கள். அந்தச் செய்தி வந்த அன்று என் மகள் பாத்திரம் துலக்கும்போது மெல்லப் பாடினாள். அவள் பாடி நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது. முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சொந்த வண்டி என்றால் மாப்பிள்ளையின் பழைய டீசல் கார். பதினான்கு வயது. அதே வாரம் அதன் பம்ப் போய்விட்டது. இதில் என் கை ஒன்றும் இல்லை. பம்புக்கும் வயது உண்டு.

"ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போயிடலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"வீட்டுக்குள்ளேயே ஒர்க்‌ஷாப்ப வச்சுக்கிட்டு வெளியே போவீங்களா? கழட்டி வேற பம்ப மாட்டறதுதானே. ரெண்டு நாள் வேலை."

மகள் என்னைப் பார்த்தாள். "ரெண்டே நாளாப்பா?"

"ரெண்டே நாள்தாம்மா."

எங்கள் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. கார் நுழைந்தால் ஒரு பக்கக் கதவை மட்டும்தான் திறக்கலாம். வண்டியைத் தெருவைப் பார்த்தபடி அங்கே நிறுத்தி, முன்சக்கரங்களைக் கழற்றி, இரும்புத் தாங்கிகள் மேல் உட்கார வைத்தேன். சமையலறைச் சன்னல் அந்தச் சந்தில்தான் திறக்கும். அதற்கப்புறம் என் மகள் சன்னலைத் திறந்தால் தெரிந்ததெல்லாம் வண்டியின் கூரைதான். கொஞ்ச நாளில் அவள் சன்னலைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

பழைய பம்பைக் கழற்ற அரை நாள் ஆனது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே நடுத்தண்டு தேய்ந்து போயிருந்தது. அதே மாதிரிப் பம்ப் ஒன்றைத் தேடி வாங்கி, அதை முழுசாகப் பிரித்துப் புதுப்பித்துத்தான் போடுவேன் என்றேன். தேட மூன்று வாரம். பிறகு அதற்கு, டீசல் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையங்கள் அடங்கிய சீல் செட் ஒன்று தேவைப்பட்டது. அது வந்து சேர்ந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. வாங்கி என் அலமாரியில் வைத்தேன். வந்துவிட்டது என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. யாராவது நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "இன்னும் வரலையா மாமா?" என்றுதான் மாப்பிள்ளை கேட்டார். அப்படிக் கேட்டால் பெருமூச்சு விட்டாலே போதுமானதாக இருந்தது.

மாடிவீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தினமும் என்னைச் சீண்டுவார்.

"என்ன மைக்ரான், பயணிங்க எல்லாம் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க. பஸ்ஸ எடுக்க மாட்டேங்கறீங்களே?"

"பஸ் ரெடியாகணும்ல."

"எனக்கென்னவோ டிரைவருக்குத்தான் மனசு ரெடியாகல போலிருக்கு."

நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

சாயங்காலங்களில் என் மகளும் மாப்பிள்ளையும் அந்த நகராத வண்டியில் போய் உட்காருவார்கள். வீட்டுக்குள் நான் இருப்பேன் அல்லவா, தனியாகப் பேச அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அவள் டிரைவர் சீட்டில், அவர் பக்கத்தில். எனக்குக் கூடத்திலிருந்தே கேட்கும்.

"கிளட்ச்ச மிதி. முதல் கியர். இப்ப மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா. எறும்பு நசுங்காத மாதிரி."

"நசுங்கிடுச்சுங்க."

"போகட்டும், அது விதி. ரெண்டாவது கியர். எதுத்தாப்ல ஒரு லாரி வருது. என்ன பண்ணுவே?"

"உங்கள எறக்கி விட்டு வழி கேக்கச் சொல்லுவேன்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சக்கரமில்லாத வண்டியில் மேடு ஏறுவார்கள், வளைவில் ஹாரன் அடிப்பதாக வாயால் அடிப்பார்கள். குழந்தைகள் மாதிரி. நான் பொருட்படுத்தவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயதில் நானே மூன்று நாள் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் நாள் கேட்டில் உரசிவிட்டாள். அன்றே சாவியை வாங்கி வைத்துவிட்டேன். சிலருக்கு வண்டி வராது. அவளுக்கு வராது.

வேலைக்குச் சேர வேண்டிய தேதியை மாப்பிள்ளை இரண்டு முறை தள்ளி வாங்கினார். மூன்றாம் முறை அவர்கள் மறுத்துவிட்டார்கள். திங்கள்கிழமை வண்டியோடு வந்து சேரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். வியாழக்கிழமை சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்குள்ள பம்ப் ஏறலைன்னா சனிக்கிழமை காலைல இழுவை வண்டி வந்துடும். சொல்லி வச்சுட்டேன்."

"யார்கிட்ட கேட்டு சொன்னீங்க?"

"நான்தாம்பா சொல்லச் சொன்னேன்" என்றாள் மகள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். நான்கு வருடத்தில் அவள் எனக்கு எதிராகப் பேசிய முதல் வாக்கியம் அது. நான் கையைக் கழுவிக்கொண்டு அலமாரியைத் திறந்து சீல் செட்டை எடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். "அவங்க போகக் கூடாதுன்னா பம்பையே கோளாறா மாட்டியிருக்கலாமே ஐயா? டைமிங்க ஒரு பல்லு தள்ளி வச்சிருந்தா வண்டி கிளம்பியே இருக்காதே?"

இதைத் தொழில் தெரியாதவர்கள்தான் கேட்க முடியும். முப்பத்தொரு வருடத்தில் என் கையை விட்டுப் போன பம்ப் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒர்க்‌ஷாப் முதலாளியே அதைச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் பெருமைப்படுவார். பம்பைக் கெடுத்து மாட்டுவதா? வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்துப் பார்த்தேன் என்பது உண்மை. பம்பைச் சுழற்றுகிற பல் வைத்த பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பல் தள்ளிப் போட்டால் என்ன என்று கால் மணி நேரம் நின்றேன். விரல் போகவில்லை. வெள்ளைப் பெயின்ட் குறிக்கு நேராக, மயிரிழை பிசகாமல்தான் உட்கார்ந்தது. கெட்ட வேலை செய்ய என் கைக்குத் தெரியாது. சக்கரங்களையும் மாட்டி, தாங்கிகளிலிருந்து வண்டியை இறக்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை முன்னறையில் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தனியாகவே குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதலில் எழுதிய சத்தம் அதுதான். தட்டைப் பொறுக்கிக்கொண்டு மகள் சன்னலைத் திறந்தாள். பல வாரம் கழித்துத் திறந்த சன்னல் கிரீச்சிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய அம்மா மாதிரியே இருந்தாள். இரண்டு நிமிடத்தில் உள்ளே அலமாரியிலிருந்து துணிகளை எடுக்கிற சத்தம் கேட்டது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் டீசல் வாடை வந்தது. மூன்றாவது குழாயின் கழுத்துப் பக்கம் எங்கேயோ மெல்லிய கசிவு. மாப்பிள்ளை வேகமாக வந்தார்.

"உங்களுக்குச் சிலை வைக்கணும் மாமா. கையில ஸ்பானரோட."

"சிலை அப்புறம் வைக்கலாம். கொஞ்சம் கசியுது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அந்த மூணாவது குழாய் கழுத்துல விரலால தடவிப் பாருங்க."

அவர் தடவினார். உடனே கையை உதறினார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு மாமா."

வலது கை, ஆள்காட்டி விரலின் உள்பக்கம். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம் இல்லை. "இரும்புத்தூளா இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றேன். என்ஜினை நிறுத்திவிட்டு வாட்சைப் பார்த்தேன். பத்து மணி ஐந்து நிமிடம்.

பதினொன்றரைக்கு விரல் கொஞ்சம் வீங்கியிருந்தது. அவர் இடது கையாலேயே பெட்டி கட்டினார். ஒரு மணிக்கு, "என்னமோ உள்ளே தெறிக்குது மாமா" என்றார். மகள், "டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமாங்க?" என்றாள். சனிக்கிழமை மத்தியானம் யார் இருப்பார்கள், ஒரு முள் குத்தினதற்கு ஆஸ்பத்திரியா, நாளைக்கு நாள் முழுக்க வண்டி ஓட்டணும், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். என் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மாத்திரை மீதி இருந்தது. இரண்டு கொடுத்தேன். நன்றாகத் தூங்கினார். அவர் தூங்கும்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மகள் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். "தூங்கறவர எழுப்பாதேம்மா" என்றேன்.

நாலரைக்கு அவர் எழுந்தபோது கை முழுவதும் வீங்கி, விரல் நிறம் மாறியிருந்தது. மகள் வண்டிச் சாவியைத் தேடினாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "கசிவு இருக்கிற வண்டிய எடுக்கக் கூடாது. தீப்பிடிக்கும்" என்றேன். அது உண்மையும்கூட. மாடிவீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு வாடகை வண்டியைப் பிடித்து வந்தார். நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் வயது டாக்டர். "என்ன குத்துச்சு? எப்போ?" என்று கேட்டார். மாப்பிள்ளை பேசும் நிலையில் இல்லை. மகள், "அப்பாவைக் கேளுங்க டாக்டர், அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாள்.

"ஏதோ இரும்புத்தூள் குத்தியிருக்கு டாக்டர்" என்றேன்.

அன்று முழுவதும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவது இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் வரிசை கெடக் கூடாது.

எங்கள் பம்ப் ரூமில் ஒருவன் இருந்தான். வேலை செய்துகொண்டே பாடுவான். பாட்டுக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருடத்துக்கு முன்னால், கசிகிற குழாய் ஒன்றை விரலால் தடவிப் பார்த்தான். ஒரு புள்ளிதான். வலிகூட இல்லை. சிரித்துவிட்டு மத்தியானம் வரை வேலை செய்தான். அந்தக் குழாயில் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்றால், மயிரிழைக் கீறல் வழியாக வரும்போது அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், சதைக்குள் கை நெடுகப் பரவும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சதை சாகும். சில மணி நேரத்துக்குள் கீறிச் சுத்தம் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்போது பாட்டுக்காரன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டவன் நான்தான். அவனுக்கு முழங்கை வரை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பம்ப் ரூமில் ஒரு நடைமுறை வந்தது. கசிவைப் பார்க்கக் கை கூடாது. ஒரு அட்டைத் துண்டைப் பிடிக்க வேண்டும். டீசல் பீய்ச்சினால் அட்டையில் கோடு விழும், சில சமயம் அட்டையே கிழியும். அந்த அட்டையில் எந்தக் குழாய், எத்தனை மணி என்று எழுதி ஆணியில் குத்தி, ஒரு வருடம் வைத்திருப்போம். அந்த முறையைக் கொண்டுவந்தவன் நான். சுவரில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு எழுதி மாட்டியவனும் நான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக் கொட்டகையில் ஆணி அடித்து அட்டை வைத்திருக்கிறேன். அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

அந்தச் சனிக்கிழமை, மாப்பிள்ளை சந்துக்கு வருவதற்கு முன்னால், வழக்கம்போல நான் அட்டை பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது குழாயின் கழுத்தில் கீறல் இருந்தது. அட்டையைக் கத்தி போட்டது மாதிரிக் கிழித்தது. பென்சிலால் எழுதினேன். 'குழாய் 3, கழுத்து. சனி, 9.40.' ஆணியில் குத்தினேன். அதற்கப்புறம் சமையலறைச் சன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்தபோது மகள் பெட்டியில் என் மனைவியின் போட்டோவை வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரே போட்டோ அது, அதையே கழற்றிவிட்டாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார், சிலை வைக்கணும் என்றார்.

ஆகவே, ஆமாம். எனக்குத் தெரிந்துதான் தடவச் சொன்னேன். அது என்ன செய்யும், எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துதான் மாத்திரை கொடுத்தேன். டாக்டரிடம் டீசல் என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே கத்தியை எடுத்திருப்பார் என்பதும் தெரியும். என் எண்ணம் திங்கள்கிழமை தாண்ட வேண்டும் என்பதுதான். கை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போகாது என்றும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் முதல் ஆபரேஷனில் இருந்தபோது, நான் வீட்டுக்கு வந்து அந்தக் குழாயை மாற்றினேன். புதுக் குழாய் என்னிடம் முன்பே இருந்தது. கூடுதலாக ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். பழைய குழாயில் 'மாற்றப்பட்டது, ஞாயிறு, 11.15' என்று சீட்டுக் கட்டிக் கொட்டகையில் வைத்தேன். மறுபடி அட்டை பிடித்துப் பார்த்தேன். சுத்தம். வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று ஆபரேஷன் நடந்தது. கடைசியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூன்று வாரம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த மூன்று வாரமும் வீடு எனக்கு நிறைவாக இருந்தது. அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். பழம் நறுக்கிக் கொடுத்தேன். பெட்டியிலிருந்த போட்டோ சுவருக்கு வந்துவிட்டது. அவர் மேசைக்குப் போகவில்லை. சாணை மெஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு நாள் மட்டும், நான் பொத்தான் போடும்போது, "உங்க கை எப்பவுமே நடுங்காதுல்ல மாமா?" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் என் மகள் கொட்டகைக்கு வந்தாள். அவள் அங்கே வருவது அபூர்வம். ஆணியில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

"எல்லாத்துலயும் மணி போட்டிருக்கீங்களேப்பா. பாத்துட்டுத்தான் எழுதுவீங்களா, இல்ல குத்துமதிப்பாவா?"

"மைக்ரான்கிட்ட கேக்கற கேள்வியாம்மா இது? வாட்சப் பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

"எழுதினதுக்கு அப்புறந்தான் அடுத்த வேலையா?"

"எழுதாம அடுத்த வேலை ஏது?"

அவள் தலையாட்டினாள். என் தொழிலைப் பற்றி அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது அதுவே முதல் முறை. கொஞ்ச நேரம் நின்று, அட்டைகளையும் குழாய்களையும் பற்றி விளக்கமாகச் சொன்னேன். பாட்டுக்காரன் கதையையும் நானேதான் சொன்னேன்.

இன்று காலை ஏழரைக்கு இரண்டு காவலர்கள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். மகள் வாசலில் நின்றாள். அழவில்லை. என் செருப்பைத் தேடி எடுத்து வைத்தாள். வண்டிச் சாவி எங்கே என்று கேட்டாள். வண்டியைப் போலீசார் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அட்டை இப்போது இந்த மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பக்கத்தில் குழாய், சீட்டோடு. என் எழுத்துத்தானா என்று கேட்டார்கள். ஆமாம். மணியும் சரிதான்.

இவ்வளவுதான். ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள். அவருக்கு இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது, அவளுக்கோ வண்டியே வராது. கடைக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் நான்தான் வேண்டும். என்னை ரொம்ப நாள் இங்கே வைத்திருந்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் அடைந்து கிடப்பார்கள்.

இதை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் ஒரு உதவி கேட்டேன். புதுப் பம்ப் மாட்டிய வண்டி, கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு தடவை நட்டுகளைப் பார்த்து இறுக்க வேண்டும். நான் வரும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் நான் எழுதிய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசை கெடக் கூடாது என்பதால் அவர் சொன்னதையும் எழுதிவிட்டே கையெழுத்துப் போடுகிறேன். மணி பன்னிரண்டு இருபது.

"ஒன்பது மணிக்கே ரெண்டு பேரும் பெட்டியோட கிளம்பிட்டாங்க ஐயா. உங்க பொண்ணுதான் வண்டி ஓட்டினாங்க. பம்புல ஒரு குறையும் இல்லைன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."